இத்தாலி ஓட்டலும் எங்கள் வீட்டு உலையும்

அவிநாசி ரோட்டில் இருக்கிற இத்தாலி ஓட்டலில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வாங்குகிற காசு தகுமா தகாதா என்று எங்கள் காம்பவுண்டில் யாரைக் கேட்டாலும் உடனே பதில் வராது. உங்கள் வீட்டில் உலை வைப்பது யார் என்று கேட்பார்கள், அவர் அரிசியை டம்ளரில் அளக்கிறாரா கையால் அள்ளிப் போடுகிறாரா என்று கேட்பார்கள், கையால்தான் என்றால் அள்ளும்போது எதையாவது நினைத்துக்கொண்டு அள்ளுகிறாரா என்று கேட்பார்கள், அதற்குள் உங்களுக்குப் பசியே எடுத்துவிடும். நான் அப்படிச் சுற்றி வளைக்க மாட்டேன். எனக்குப் பொறுமை கிடையாது. பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டதும் அதனால்தான், காசில்லாமல் இல்லை. அம்மா அடித்துப் பார்த்தாள், டீச்சர் வீடு தேடி வந்து பேசிப் பார்த்தார், நான் பனியன் கம்பெனியில் செக்கிங்குக்குப் போய்விட்டேன். துணியில் ஓட்டை இருந்தால் ஓட்டை என்று சொல்ல வேண்டும், அதுதான் அங்கே என் வேலை. இங்கேயும் அதையே செய்கிறேன்.

திருப்பூருக்குத் துணி வாங்க வருகிற இத்தாலிக்காரர்கள், பையர் என்று நாங்கள் சொல்வது அவர்களைத்தான், இட்லி தின்று சலித்துப்போய் முகம் சுண்டித் திரிந்ததால் அவர்களுக்காகத் திறந்த ஓட்டல் அது. பலகையில் கொடி படர்ந்த மாதிரி எழுத்து, ஒருத்தராலும் வாசிக்க முடியவில்லை, அதனால் இத்தாலி ஓட்டல் என்றே பேர் நின்றுவிட்டது. வாசலில் ஒரு தட்டின் விலையை எழுதி வைத்திருந்தார்கள். அதை ஓட்டலின் போன் நம்பர் என்று நினைத்து ஒருத்தர் டயல் செய்து பார்த்ததாகக்கூடப் பேச்சு.

எங்கள் காம்பவுண்டிலிருந்து முதலில் அங்கே சாப்பிட்டது தங்கமுத்து மாமா. அவர் கட்டிங் மாஸ்டர். ஒரு விரல் துணிகூட வீணாகாமல் அவர் வெட்டுவதைப் பார்த்த இத்தாலிக்காரர் ஒருத்தர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் காரிலேயே கூட்டிக்கொண்டு போனார். அங்கே மாமா முதல் வாயை வைத்த அதே நேரத்தில், இங்கே குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அவர் சம்சாரம் வசந்தாமணி அத்தை தேய்ப்பதை நிறுத்தினாள், அவள் மகள்கள் ரெண்டு பேரும் ஒருத்தி தலையை ஒருத்தி பின்னிக்கொண்டிருந்தவர்கள் பின்னலை நடுவில் விட்டார்கள், கேட்டில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் இப்ராஹிம் பாய் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வாயைக் கையால் பொத்திக்கொண்டார், அவர்கள் நாலு பேர் வாயிலும், எதுவும் போடாத வெறும் வாயில், வெண்ணெயும் தக்காளியும் ஏதோ ஒரு இலையின் பச்சை வாசமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கின, இறங்கியது தொண்டை வழியாக வயிற்றுக்குப் போனது, வயிறு நிறைந்தது.

"வாயத் தொறக்காதீங்கடி, போயிரும்" என்று அத்தை மகள்களுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் சேலத்தில் ஹாஸ்டலில் இருக்கிற அவள் மகன் போன் செய்தான். "அம்மா, இன்னைக்கு ஊட்ல என்ன விசேசம், வாயெல்லாம் என்னமோ பண்ணுது" என்றான்.

மாமா காரை விட்டு இறங்கி, ஊருக்கெல்லாம் சொல்ல ஒரு கதையைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். அத்தை அவரை உட்காரக்கூட விடவில்லை. "ஏனுங், கடைசியா வந்தது என்னங், பச்சையா, துளசியாட்டம் வாசமடிச்சுதே?"

மாமா நின்ற இடத்திலேயே நின்றார். "நான் சொல்றதுக்கு ஒண்ணும் மிச்சம் வெக்கலியே நீங்க" என்றார்.

எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. வந்தது, அவ்வளவுதான், தண்ணி லாரி சில நாள் வரும், சில நாள் வராது, அதை யார் கேட்கிறார்கள். வீட்டு ஓனர் அம்மா மட்டும் இதனால் கரண்ட் பில் ஏறுமா என்று கேட்டுவிட்டுப் போனார். எல்லாரும் கேட்ட கேள்வி வேறு: மகள்களுக்கு வந்தது சரி, சேலத்தில் இருக்கிறவனுக்கு எப்படி வந்தது, பாய்க்கு எப்படி வந்தது? அத்தைதான் யோசித்துச் சொன்னாள். எங்கள் பக்கம் ஆளுக்கு ரெண்டு கை அரிசி, கைக்குழந்தை என்றால் மூன்று விரலில் நிற்கிற அளவு என்று அள்ளித்தான் உலையில் போடுவோம். மகன் ஹாஸ்டலுக்குப் போன பிறகும் அத்தையின் கை அவனுக்கும் சேர்த்தே அள்ளிக்கொண்டிருந்தது. வயிற்றுப்புண்ணால் காரம் தொட முடியாமல் வாடிப்போயிருந்த பாய்க்கு அவள் தினமும் ஒரு டப்பாவில் தயிர்ச்சோறு கொடுத்துவந்தாள், அதனால் அவருக்கும் ரெண்டு கை. யாருக்கு உலையில் அரிசி விழுகிறதோ அவர் உலகத்தில் எங்கே இருந்தாலும் சரி, அந்த வீட்டில் ஒருத்தர் இத்தாலி ஓட்டலில் சாப்பிட்டால் இவருக்கும் வந்துசேரும். ருசியும் வரும், நிறைவும் வரும். பாய் அன்றைக்கு வயிறு நிறைந்து, எரிச்சல் இல்லாமல், கேட்டுக்குப் பக்கத்திலேயே குழந்தை மாதிரி தூங்கினார், ரெண்டு பைக் திருடு போயிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

அதற்கப்புறம் காம்பவுண்டில் சீட்டு எடுக்கிறவர்கள் கம்மல் வாங்கவில்லை, மிக்சி வாங்கவில்லை, வீட்டில் ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து இத்தாலி ஓட்டலுக்கு அனுப்பினார்கள். போகிற ஆள் தலைக்குக் குளித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, மூக்கடைப்பு இருந்தால் ஆவி பிடித்துவிட்டுக் கிளம்புவார், வாசலில் நின்று பெரியவர்கள் 'அவசரப்படாமல் மெல்லு' என்று சொல்லி அனுப்புவார்கள், அவர் போன பிறகு வீட்டில் இருக்கிறவர்கள் பல்லைத் தேய்த்துவிட்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், கம்பெனியில் இருக்கிறவர்கள் மிஷினில் காலை வைத்தபடியே காத்திருப்பார்கள், அது வருகிற நேரத்தில் ஓவர்லாக் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த பெண் நடுத்தையலில் கையை எடுத்துவிட்டுக் கண்ணை மூடுவாள், சூப்பர்வைசர் திட்ட வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, திட்டாமல் நின்றுவிடுவார், ஒரு நிமிஷம் அந்த வரிசை முழுக்க மிஷின் சத்தம் அடங்கி, எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானும் பார்த்திருக்கிறேன். சாமி வந்தவர்கள் முகம்கூட அப்படி இருக்காது, சாமி வந்தவர்கள் முகத்தில் ஒரு கோபம் இருக்கும், இதில் அதுவும் இல்லை.

முதலாளிகள் அங்கே வாரத்துக்கு மூன்று முறை சாப்பிட்டார்கள், அவர்கள் வீட்டுக்கு ஒன்றும் போகவில்லை. அங்கெல்லாம் குக்கரோடு வந்த பிளாஸ்டிக் கப்பால் அளக்கிறார்கள். கப்புக்கு யாரைத் தெரியும்?

ஆனால் எல்லாமே இப்படி இனிப்பாகப் போகவில்லை. மூணாவது வீட்டு ரத்தினத்தின் புருஷன் போய்ச் சாப்பிட்ட அன்று, ரத்தினத்துக்கு வந்தது, பையனுக்கு வந்தது, நடுவில் உட்கார்ந்திருந்த மாமியார் வாயைச் சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் வரலியே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். காம்பவுண்டு முழுக்கக் கேட்டது.

"அவங்களுக்குச் சுகருங், சப்பாத்திதானுங் போடறேன்" என்று ரத்தினம் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னாள். சப்பாத்தி உண்மைதான். ஆனால் சப்பாத்தி மாவு பிசைகிற கைக்கு அந்தக் கிழவி ஞாபகம் இருந்ததா என்று யாருக்குத் தெரியும். மறுநாளிலிருந்து ரத்தினம் மாமியார் பேரைச் சத்தமாகச் சொல்லிச் சொல்லி அரிசி போட்டாள், அடுத்த சீட்டெடுத்துப் புருஷனைத் திரும்ப அனுப்பினாள், மாமியாருக்கு வரவில்லை. போட வேண்டுமே என்று போட்டது போகவில்லை. மாசங்கள் கழித்து ஒரு நாள், டிவி பார்த்துக்கொண்டே, யாரையும் நினைக்காமல், கை தானாக அள்ளிப் போட்ட பிறகு, புருஷன் மூன்றாவது தடவை சாப்பிட்டபோதுதான் போனது. கிழவி அன்று அழுதாள். ரத்தினமும் அழுதாள்.

கடைசி வீட்டுப் பழனாத்தா, புருஷன் செத்துப் பல வருஷம் ஆகியும், அவருக்கும் சேர்த்தே உலை வைத்துவந்தவள். அவள் மகன் போய்ச் சாப்பிட்ட அன்று, அந்தப் பங்குக்கு வாய் இல்லாததால், அது வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. சுவரில், கொடியில் தொங்கிய துணியில், தண்ணீர்க் குடத்தில், எங்கே பார்த்தாலும் பாலாடையும் வறுத்த பூண்டும் மணந்தது, நாங்கள் காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போனோம், பழனாத்தா அந்த வாசத்தின் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவள் முகம் கல்யாணப் பெண் முகமாக இருந்தது.

அதனால் ஆசையோடு பயமும் வந்துவிட்டது. சீட்டெடுத்தவர்கள் வீட்டில், போகலாமா வேண்டாமா என்று ராத்திரி முழுக்கக் குசுகுசுத்தார்கள். யார் யாருக்கு அரிசி விழுகிறது என்பது அந்த வீட்டில் உலை வைக்கிற கைக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது, அந்தக் கைக்கேகூட முழுசாகத் தெரியாமல் இருந்தது, அதை இத்தாலி ஓட்டல் ஊரறிய வைத்துவிடும். அந்த விலையை யாராலும் சுலபமாகக் கொடுக்க முடியவில்லை.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் அம்மா தெய்வானையும் நானும்தான். அப்பா வேறொரு குடும்பத்தோடு பல்லடத்தில் இருக்கிறார், அவருக்கு அரிசி கிடையாது, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அக்கா பேர் நிவேதா. ரெண்டு வருஷத்துக்கு முன்னால், அவள் கம்பெனியில் அயன் செக்‌ஷனில் வேலை செய்த திபாகர் என்கிற ஒடிசாக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றாள். அம்மா அவர்களைக் குழாயடியைத் தாண்டி உள்ளே விடவில்லை. காம்பவுண்டு முழுக்கக் கூடி நிற்க, "இனி இந்த ஊட்டு உலையில உனக்கு ஒரு அரிசி கெடையாது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். எங்கள் பக்கம் அதற்கு மேல் சொல்ல ஒரு வார்த்தையும் இல்லை. அக்கா அடுத்த தெருவில்தான் ரூம் எடுத்தாள். அம்மா அந்தத் தெரு வழியாகப் போவதை நிறுத்திவிட்டு, பஸ் ஸ்டாப்புக்குச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தாள்.

நான் போவேன். எனக்கு யாரோடும் சண்டை இல்லை. மச்சான் எனக்குப் பிடித்த ஆள், தமிழைத் தப்புத் தப்பாகப் பேசுவார், ஆனால் பொய் பேச மாட்டார்.

அக்காவுக்கு இப்போது நாலாவது மாசம். சாதாரண வாந்தி இல்லை. சோறு நிற்காது, கஞ்சி நிற்காது, பிஸ்கட் நிற்காது, தண்ணீரைக் குடித்தால் தண்ணீரே வெளியே வரும். ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றி அனுப்புவார்கள், ரெண்டு நாளில் பழையபடி ஆகிவிடுவாள். கழுத்தெலும்புக் குழியில் தண்ணீர் ஊற்றினால் நிற்கும், அப்படி இருந்தாள். இப்படியே போனால் ரெண்டு பேருக்கும் ஆபத்து என்று டாக்டர் மச்சானிடம் சொல்லியிருக்கிறார். மச்சான் அதை என்னிடம் சொன்னபோது, "டாக்டர் சொல்லுது, ரெண்டு பேர் கஷ்டம்" என்றார், சொல்லிவிட்டு ரெண்டு விரலை நீட்டிக் காட்டினார், எனக்குத் தமிழ் புரியாதோ என்று பயந்தவர் மாதிரி.

வாயில் போட்ட சாப்பாடுதான் அக்காவுக்கு நிற்கவில்லை. வாயில் போடாமல் தானாக வருகிற சாப்பாடு நிற்கும். இப்ராஹிம் பாய்க்கு நின்றதே. எனக்கு இது தோன்றியதும் உடனே அம்மாவிடம் போனேன். தீபாவளி போனஸ் கையில் இருந்தது, புதுப் போன் வாங்க வைத்திருந்தது.

"போனஸ் காசுல நான் இத்தாலி ஓட்டலுக்குப் போறேன்" என்றேன்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "போவக்கூடாது."

"ஏன்?"

"போவக்கூடாதுன்னா போவக்கூடாது. பெரிய எடம். உன்ற மூஞ்சிக்கு உள்ளயே உடமாட்டாங்க."

"தங்கமுத்து மாமா மூஞ்சிக்கே உட்டாங்க. அக்காவுக்கு ஒண்ணும் நிக்கல, உனக்குத் தெரியுமில்ல?"

"எனக்கு எந்த அக்காவையும் தெரியாது."

என் வாய் என் பேச்சைக் கேட்காது. "நீ அரிசி போடலைன்னு ஊருக்குத் தெரிஞ்சிரும், அதான உனக்குப் பயம்?" என்று கேட்டுவிட்டேன்.

அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. உரித்த வெங்காயத்தையே திரும்ப உரித்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். "உன்ற காசு, உன்ற வாய்" என்று கடைசியில் சொன்னாள், என்னைப் பார்க்காமல்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். போடவில்லை. நான் அம்மா உலை வைக்கிற நேரத்தில் ஒரு நாளும் எழுந்தது கிடையாது, அதனால் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியும், சொன்னால் சொன்னதுதான். வசந்தாமணி அத்தையும் அதையேதான் சொன்னாள்: "உங்கம்மா கல்லு. வாயில வந்தது கைக்கும் போயிரும் அவளுக்கு. எதுக்கு அம்மிணி காசக் கரியாக்கற?" இனிமேல் போடச் சொல்லியும் பலனில்லை, ரத்தினத்துக்கு எத்தனை மாசம் ஆனது. அக்காவுக்கு அத்தனை மாசம் இல்லை.

போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்று தெரியும். போனால் என்ன ஆகும் என்று தெரியாது. தெரியாததே மேல் என்று கிளம்பிவிட்டேன். வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டேன். அத்தையை மட்டும் அக்கா பக்கத்தில் போய் உட்காரச் சொன்னேன், அக்காவிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்றேன்.

ஓட்டல் உள்ளே மத்தியானத்திலேயே சாயங்காலம் மாதிரி இருந்தது. தரை அவ்வளவு சுத்தம், என் செருப்புச் சத்தம் எனக்கே வெட்கமாக இருந்தது. கறுப்புச் சட்டை போட்ட ஒரு அண்ணன் வந்து இங்கிலீஷில் என்னமோ கேட்டார். "தமிழ்ல சொல்லுங்கண்ணா" என்றதும் தோளைத் தளர்த்திக்கொண்டு, "அப்பாடா. நமக்கு மணப்பாறை" என்றார். "பனியன் கம்பெனியா? ஒரு ஆளா வந்து கண்ண மூடிக்கிட்டுச் சாப்பிடுறவங்க எல்லாம் கம்பெனி ஆளுங்கதான். எங்க செஃபுக்கு உங்களத்தான் பிடிக்கும். மத்தவங்க போனப் பார்த்துக்கிட்டே திங்கிறாங்க."

"மாசமா இருக்கிறவங்களுக்கு ஆகறதா ஒண்ணு வேணும்" என்றேன்.

அவர் என் வயிற்றைப் பார்த்தார். நான் முறைத்தேன். உடனே புரிந்துகொண்டார். "குங்குமப்பூ போட்டு ஒண்ணு இருக்கு. ரிசோட்டோம்பாங்க. நம்ம பாஷையில சொன்னா குழைஞ்ச சோறு."

என் போனஸ் முழுசும் குழைந்த சோற்றுக்கு. நான் வெளிப்படையாகச் சொல்கிறேன், எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தது. குழைந்துவிட்டால் எங்கள் வீட்டில் சமைத்தவரைத் திட்டுவார்கள்.

வந்தது. வெள்ளைத் தட்டில், நடுவில், பரந்து, மஞ்சளாக. அப்பளம் இல்லை, ஊறுகாய் இல்லை. முதல் கரண்டியை வாயில் வைத்தேன்.

எப்படிச் சொல்வது. அது சோறுதான், ஒவ்வொரு அரிசியும் தனியாக இருந்தது, ஒவ்வொரு அரிசிக்கும் நடுவில் ஒரு சின்ன எலும்பு மாதிரி உறுதி இருந்தது, ஆனால் எல்லா அரிசியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டும் இருந்தன, வெண்ணெய் முதலில் வந்து கதவைத் திறந்தது, பின்னாலேயே குங்குமப்பூ வந்தது, அதற்குப் பூ வாசம் மட்டும் இல்லை, வெயிலில் காய்ந்த வைக்கோல் வாசம் இருந்தது, மழை முதலில் விழும்போது வருகிற வாசம் இருந்தது, அதற்கும் பின்னால், ரொம்ப ஆழத்தில், பாலைக் காய்ச்சி வருஷக்கணக்காக ஒரு இருட்டறையில் யாரோ பத்திரமாகக் காத்துவைத்த மாதிரி ஒரு உப்பு இருந்தது, நான் நாக்கை அசைக்கவே பயந்தேன், இதை ஒருத்தர் அடுப்பு முன்னால் நின்று, திரும்பிப் பார்க்காமல், கிண்டிக்கொண்டே இருந்தால்தான் இது இப்படி வரும் என்று எனக்குத் தெரிந்தது, யாரோ எனக்காக நின்று கிண்டியிருக்கிறார்கள், என் பேர்கூடத் தெரியாமல். தகுமா தகாதா என்று கேட்டால் அந்த முதல் கரண்டிக்கே தகும். பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லித்தராத பொறுமையை அந்தத் தட்டு சொல்லித்தந்தது. எவ்வளவு மெல்ல முடியுமோ அவ்வளவு மெல்லச் சாப்பிட்டேன், ஒவ்வொரு வாயையும் 'அக்காவுக்கு, அக்காவுக்கு' என்று விழுங்கினேன். போனை மேஜை மேல் வைத்திருந்தேன். அது அடிக்கவில்லை.

பாதித் தட்டு ஆனது. அடிக்கவில்லை. தட்டு காலியானது, ஓரத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்தேன், அப்போதும் அடிக்கவில்லை. மணப்பாறை அண்ணன் பில்லைக் கொண்டுவந்து வைத்தார். கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு பெரிய ருசியை நான் மட்டும் தின்றுவிட்டேனே என்று இருந்தது, வயிறு நிறைந்திருந்ததே அவமானமாக இருந்தது.

அப்போதுதான் அடித்தது. மச்சான்.

"சிந்து, நீ என்ன சாப்ட்ட?" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. "அக்கா சொன்னாளா மச்சான்?"

"அக்கா இல்ல. நான் கம்பெனில இருக்கு. அயன் பண்ணிட்டே இருக்கு. வாய்க்குள்ள வந்துச்சு. மஞ்சள் சோறு மாதிரி. எனக்கு வந்துச்சு சிந்து. ஒரு சட்டை கருகிப்போச்சு."

எங்கள் வீட்டு உலையில், வாசலைத் தாண்டிக்கூட வராத இந்த ஒடிசாக்காரருக்கு அரிசி விழுந்திருக்கிறது. அம்மா ஒரு நாள்கூட அவர் பேரைச் சொன்னதில்லை. 'அந்தாளு' என்றுகூடச் சொன்னதில்லை.

"அக்காவுக்கு?" என்றேன்.

"போன் பண்ணேன், எடுக்கல" என்றார்.

வைத்துவிட்டு ஓடினேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை, பாதி வழி நடந்தே வந்துவிட்டேன், அந்த வழி முழுக்க அத்தைக்கு அடித்துக்கொண்டே வந்தேன், மூன்றாவது தடவை எடுத்தாள், எடுத்து, கோயிலுக்குள் பேசுவது போல் பேசினாள். "கத்தாத. தூங்கறா. வர்றப்ப வாயத் தொறக்கவே இல்லடி அவ, என்ற கையப் புடிச்சு அமுக்குனா பாரு, வளையல் வளைஞ்சிருச்சு. முடிஞ்சதும் ஏப்பம் உட்டா. எத்தன நாளாச்சு அவ ஏப்பம் உட்டு. அப்படியே சாஞ்சா, தூங்கிட்டா. ஒண்ணும் வெளிய வரல அம்மிணி, எல்லாம் உள்ள இருக்குது."

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது காம்பவுண்டே குழாயடியில் நின்றுகொண்டிருந்தது. ரத்தினத்தின் மாமியார்கூட வந்து நின்றாள். அம்மா கம்பெனியிலிருந்து வந்து கேட்டுக்குள் நுழைந்ததும் எல்லாரும் வழிவிட்டார்கள், பெரிய ஆபீசருக்கு விடுவது மாதிரி. அம்மாவுக்கும்தானே வந்திருக்கும், மத்தியானம், வேலையில் இருக்கும்போது.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றாள் என்னிடம்.

"அப்ப ரெண்டு வருசமா அவிங்க பங்குச் சோறெல்லாம் எங்க போச்சு, தெய்வான?" என்று வசந்தாமணி அத்தை கேட்டாள்.

"எங்க போவும். மத்தியானத்துக்கு அவளோடது, பொழுதானா அவனோடது, நாந்தான் தின்னேன். வீணாக்கவா முடியும்? அதான் இப்புடிப் பெருத்துக் கெடக்கறேன்." அம்மா காலைக் கழுவினாள். "கை போவுது, நான் என்ன பண்ணட்டும். வாயில சொன்னத நாலு பேரு கேட்டீங்க. அது பொய்யாப் போறத நாலு பேரு பாக்கணுமா? அதுக்குத்தான் வேண்டாம்னேன் இவள."

யாரும் சிரிக்கவில்லை. பழனாத்தா மட்டும் வந்து அம்மாவின் வலது கையை எடுத்து, திருப்பி, உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, அப்படியே விட்டாள்.

அம்மா புடவையை மாற்றவில்லை. அக்கா தெருவுக்கு நடந்தாள், நேர் வழியில். நான் பின்னால் போனேன். காம்பவுண்டும் கொஞ்சம் தள்ளிப் பின்னால் வந்தது. மச்சான் அப்போதுதான் வேலை முடிந்து வந்து ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தார், அம்மாவைப் பார்த்ததும் சட்டைப் பொத்தானைப் போட்டார், போட்டதையே அவிழ்த்துத் திரும்பப் போட்டார்.

அம்மா அவர் முன்னால் நின்றாள். ரெண்டு வருஷத்தில் முதல் தடவை. "உனக்கும் வந்துச்சா?"

"வந்துச்சும்மா. முழுசா வந்துச்சு."

"முழுசா வந்திருக்காது" என்றாள் அம்மா. "உம்மேல கோவம். உனக்கு ஒரு கை கொறைச்சுத்தான் போட்டேன்."

மச்சான் கொஞ்சம் யோசித்தார். பொய் பேசாத ஆள். "போதும்மா" என்றார். "ஒரு கை எனக்குப் பெரிசு."

அம்மா அவரைத் தாண்டி உள்ளே போனாள். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து அவள் கழுத்தெலும்பைத் தொட்டுப் பார்த்தாள், எழுப்பவில்லை.

இன்னும் ஆட்கள் என்னைக் கேட்கிறார்கள், அந்தக் காசு தகுமா என்று. முன்பே சொல்லிவிட்டேன், முதல் கரண்டிக்கே தகும். மிச்சத்துக்கு விலை போட அந்த ஓட்டலாலும் முடியாது, என்னாலும் முடியாது. அடுத்த சீட்டை அம்மா பேரில் எடுத்து நான் திரும்பப் போகலாம் என்று காம்பவுண்டே சொல்லியிருக்கிறது, அதற்கப்புறமும் அக்காவுக்குச் சோறு நிற்கும்வரை தங்கள் முறையை மாற்றி மாற்றி எங்களுக்கே விட்டுத்தருவதாக.

அம்மா அக்கா ரூமுக்குப் போன மறுநாள் விடிகாலையில் நான் விழித்துக்கொண்டேன், வாழ்க்கையில் முதல் தடவையாக, அம்மா எழுவதற்கு முன்னால். தூங்குவது போல் அரைக்கண்ணைத் திறந்து படுத்திருந்தேன். அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள், உலைத் தண்ணீர் வைத்தாள், அரிசிப் பானையைத் திறந்தாள். முகம் ஜன்னல் பக்கம் இருந்தது, தண்ணி லாரி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள், கை மட்டும் தனியாகப் போய் வந்தது. அவளுக்கு ரெண்டு கை. எனக்கு ரெண்டு கை. அக்காவுக்கு ரெண்டு கை. அப்புறம் ஒரு கை, கொஞ்சம் நின்றது, இன்னொரு கை. பானையை மூடப் போகிறாள் என்று நினைத்தேன். மூடவில்லை. கை திரும்ப உள்ளே போய், மூன்று விரலில் எவ்வளவு நிற்குமோ அவ்வளவு எடுத்து, உலையில் போட்டது.

அம்மா இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.